மஞ்சள் சீட்டும் காவல் நிலையப் பதிவேடும்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவரிடம் இன்று தவறாமல் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று: “உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவு செய்யப்பட்டதுண்டா?” ஒரு காலத்தில் பெரும்பாலும் அரசுப் பணிக்குரிய படிவங்களோடு நின்றிருந்த இக்கேள்வி, இப்போது வங்கி, மென்பொருள் நிறுவனம், பள்ளிப் பேருந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவல், வீட்டுவேலை என்று எங்கும் பரவிவிட்டது. ஊதியம் எதுவும் வாங்காமல் மாலை வகுப்பெடுக்க வருகிற தன்னார்வலரிடமும் இதைக் கேட்கிறார்கள். தமிழகக் காவல்துறை இதற்கென்றே இணையவழிச் சேவை ஒன்றை நடத்துகிறது. கட்டணம் செலுத்தினால், வேலைக்கு வருபவர், வாடகைக்கு வருபவர், வீட்டுவேலைக்கு வருபவர் ஆகியோரின் முன்வரலாற்றைச் சரிபார்த்துத் தருகிறார்கள்.

அந்தக் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நீங்கள் குற்றம் செய்தீர்களா என்று அது கேட்கவில்லை. நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்ததா என்றும் கேட்கவில்லை. ஏதோ ஒரு காவல் நிலையத்தில் யாரோ ஒருவர் உங்கள் பெயரை எழுதினாரா என்று மட்டுமே கேட்கிறது. எழுதப்பட்ட பெயரையும் செய்யப்பட்ட குற்றத்தையும் ஒன்றாகக் கொள்வதுதான் இந்தச் சரிபார்ப்பு முறையின் அடிப்படைப் பிழை. மற்ற பிழைகள் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

இதைச் சொன்னால் படித்த நண்பர்கள் உடனே ஒரு பழமொழியை எடுத்து வீசுகிறார்கள்: மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை. தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. பழமொழி பேசுவது வழிப்பறிக்காரனைப் பற்றி. பறிக்க ஒன்றுமில்லாதவனுக்கு அவனிடம் பயமில்லை என்பது உண்மைதான். ஆனால் கனத்தை மடியில் இன்னொருவர் வைத்துவிட்டு, வழியில் நிறுத்திச் சோதனை போட்டால் என்ன செய்வது என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது.

*

முதல் தகவல் அறிக்கை என்பது தன் எல்லையைத் தன் பெயரிலேயே சொல்லிவிடும் ஆவணம். அது முதலாவது, முடிவானது அன்று. அதில் இருப்பது தகவல். நிறுவப்பட்ட உண்மை அன்று. அது அறிக்கை, தீர்ப்பு அன்று. 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், அது உண்மையா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்பே காவல் நிலையம் வழக்கைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். புகார் கொடுக்க வரும் எளியவரை விரட்டியடிக்கும் வழக்கத்துக்கு எதிரான நல்ல தீர்ப்பு அது. அதன் இன்னொரு பக்கத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். உண்மையை ஆராயாமல் எழுதப்பட வேண்டிய ஒன்று, எழுதப்பட்டிருக்கிறது என்பதாலேயே உண்மையாகிவிடாது.

எப்படியெல்லாம் எழுதப்படுகிறது என்பதற்குத் தமிழகத்தின் அண்மைக்கால வரலாறே போதும். கூடங்குளம் அணு உலை எதிர்ப்பில் 2011, 2012 ஆண்டுகளில் கடற்கரைக் கிராமத்தவர் பல்லாயிரம் பேர் மீது வழக்குகள் போடப்பட்டன. தேசத்துரோகப் பிரிவும் அவற்றில் உண்டு. சிலர் பெயரை எழுதிவிட்டு ‘மற்றும் பலர்’ என்று முடிக்கிற வழக்கம் நம் காவல் நிலையங்களுக்குரியது. அந்தப் பலரில் யார் வேண்டுமானாலும் பிற்பாடு சேர்ந்துகொள்ளலாம். 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கப்பட வேண்டும் என்று தன் தீர்ப்பிலேயே சொல்ல நேர்ந்தது.

கொரோனா ஊரடங்கை எடுத்துக்கொள்வோம். அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல் என்பது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு. இப்பிரிவின் கீழ்க் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது. உரிய அலுவலர் நீதித்துறை நடுவரிடம் முறையிட வேண்டும் என்று 2018 செப்டம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. 2020இல் இதே பிரிவில் லட்சக்கணக்கான வழக்குகள் பதிவாயின. காய்கறி வாங்கப் போனவரும், வண்டியில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவரும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். 2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளும் அதே மாதத்தில்தான் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டன. ஒரே ஓர் அறிவிப்பில் 10 லட்சம் வழக்குகள் மறைந்துபோகக் கூடுமானால், அவை பதிவாயின என்பது அந்த மனிதர்களின் குணத்தைப் பற்றி நமக்கு என்ன சொல்லிவிட்டது? இடைப்பட்ட மாதங்களில் வேலைக்கு விண்ணப்பித்தவர் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்றுதானே எழுதியிருக்க வேண்டும்?

*

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவன் என்ற முறையில் சொற்களை நின்று பார்ப்பது என் தொழில். தமிழகக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் ஒரு விளக்கவுரை இருக்கிறது. சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும், ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதப்படுவர் என்கிறது அது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த அடிப்படையில் பணி மறுப்பதை ஏற்றுக்கொண்டது. விதியின் அடுத்த விளக்கவுரை இன்னும் விசித்திரமானது. சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கிலிருந்து ஒருவர் ‘மாண்புடன்’ விடுதலையானால் அவர் சம்பந்தப்படாதவர். ஆனால் அவர் அடுத்த ஆள்தேர்வில்தான் கலந்துகொள்ள முடியும். அடுத்த தேர்வு வருவதற்குள் அவருடைய வயது வரம்பு கடந்துபோனால் அது அவர் தலைவிதி.

‘சம்பந்தப்பட்டவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடித்தவனும் சம்பந்தப்பட்டவன்; அடிபட்டவனும் சம்பந்தப்பட்டவன்; விலக்கிவிடப் போனவனும் சம்பந்தப்பட்டவன்தான். செய்தவனையும் செய்யாதவனையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், இருவரையும் ஒரே குவியலில் போட வசதியான சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ‘மாண்புடன் விடுதலை’ என்ற தொடரோ குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லவே இல்லை. அது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான தொடர் என்று 2012இல் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சட்டத்தில் இருப்பது விடுதலை ஒன்றுதான். நாம்தான் அதை உயர்ந்த விடுதலை, தாழ்ந்த விடுதலை என்று இரண்டு சாதிகளாகப் பிரித்துவைத்திருக்கிறோம்.

சாட்சி பிறழ்ந்தால் ஏதோ சூழ்ச்சி நடந்ததாக நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். செல்வாக்குள்ளவர்களின் வழக்குகளில் அப்படி நடப்பதை நான் மறுக்கவில்லை. கிராமத்துத் தகராறுகள் முடிகிற விதம் வேறு. வரப்புச் சண்டையோ திருவிழாச் சண்டையோ நடக்கிறது. இரு தரப்பும் புகார் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ராஜியாகிறார்கள். ஆனால் சில சட்டப் பிரிவுகளை நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ள முடியாது. அங்கே ராஜி என்பதன் நடைமுறை வடிவம், சாட்சிக் கூண்டில் ஏறி ‘எனக்கு அடையாளம் தெரியவில்லை’ என்று சொல்வதுதான். ஊர் தன் பகையை ஆற்றிக்கொள்ளும் வழி அது. அந்தச் சமாதானத்தையே அரசின் விதி, இளைஞன் ஒருவனுக்கு எதிரான ஆதாரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது.

என்னிடம் இளங்கலை படித்த மாணவர் ஒருவர் எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் வென்று, இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குக் காத்திருந்தார். ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் அவருடைய அண்ணனோடு சேர்த்து வீட்டு ஆண்கள் அத்தனை பேர் பெயரும் எழுதப்பட்டிருந்தன. அன்று காலையும் மறுநாளும் அவர் கல்லூரியில் இருந்தார். என் வருகைப் பதிவேட்டில் அது இருக்கிறது. புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி இவரைப் பார்த்ததே இல்லை என்றார். வழக்கு விடுதலையில் முடிந்தது. விதியின்படி அவர் சம்பந்தப்பட்டவர். இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறார். இந்த நாட்டில் இரண்டு பதிவேடுகள் முரண்பட்டால் எது வெல்லும் என்பதை அவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமே என்பார்கள். 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதுபற்றி விரிவான வழிகாட்டுதல் தந்தது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களை மறைத்திருந்தாலும் பணியளிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. அந்த வரைக்கும் நன்று. அதே தீர்ப்பு, முடிந்துபோன வழக்கை ஒருவர் ஒளிக்காமல் தெரிவித்திருந்தாலும், அவரை எடுத்தாக வேண்டும் என்று பணியளிப்பவரை வற்புறுத்த முடியாது என்றும் சொல்கிறது. மறைத்தால் மறைத்ததற்காக வேலை போகலாம். சொன்னால் சொல்லப்பட்டதற்காகப் போகலாம். நேர்மையைச் சோதிக்கும் கேள்வி என்று இதைப் புகழ்கிறவர்கள், நேர்மையாளனுக்கு அதில் என்ன பரிசு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லட்டும்.

தனியார் துறையில் விதி என்ற பெயரில்கூட ஒன்றுமில்லை. பின்னணி ஆராயும் நிறுவனங்கள் நீதிமன்ற இணையதளங்களில் பெயரைத் தட்டிப் பார்க்கின்றன. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத சமூகம் நம்முடையது. ஒற்றைத் தலைப்பெழுத்தும் முருகன், செல்வம், லட்சுமி என்ற பெயரும் ஒரே வட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? விடுதலையானவர் தன் பெயரை நீக்கச் சொல்லிப் போனாலும் வழி தெளிவாக இல்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சட்டம் வரும்வரை அதற்கு இடமில்லை என்றது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவை அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

*

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். குழந்தைகளின் பாதுகாப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட்டுப் போகிறவன் நேர்மையற்றவன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012இல் வந்தது. அதன் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் ஊழியர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. குழந்தைக்கு எதிரான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவன் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்பதில் எனக்கு ஐயம் எதுவுமில்லை. ஆனால் காவல் நிலையச் சான்று ஒன்றே பாதுகாப்பு என்று நம்புவதில் இருக்கும் ஆபத்தை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைது செய்யப்பட்டார். நாடே அவரைக் கொலைகாரர் என்றது. சில நாட்களுக்குள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பள்ளி ஊழியர் அனைவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்கவும் உளவியல் மதிப்பீடு செய்யவும் சுற்றறிக்கை அனுப்பியது. நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை அதே பள்ளியின் மாணவன் ஒருவனைக் கைது செய்தது. 2018இல் நடத்துநர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் போனார், அவரை மனத்தில் வைத்து எழுதிய சுற்றறிக்கை நின்றது. ஓட்டுநர், நடத்துநர், ஆயா, துப்புரவாளர் ஆகியோர்தான் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற எண்ணமும் நின்றது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை என்ற பெயரில் முகாம் நடந்தது. அங்கே மாணவியர் பாலியல் கொடுமைக்கு உள்ளானார்கள். அந்த முகாம் போலி. அந்தப் பள்ளிக்கும் தேசிய மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே தேவைப்பட்டது காவல் நிலையச் சான்றிதழா? மாணவர் படை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இரவில் பெண் ஆசிரியர் ஒருவரின் காவல். குழந்தை வந்து சொன்னால் அதை மூடி மறைக்காத ஒரு தலைமையாசிரியர். இம்மூன்றில் எதையும் எந்த இணையவழிச் சேவையும் தர முடியாது. குழந்தைகளிடம் அத்துமீறுகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பது இத்துறையில் உழைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. ‘மதிக்கத்தக்கவர்’ என்ற ஊர்ப்பெயரே அவர்களுக்குக் கவசம். அவர்களுடைய சான்றிதழ் எப்போதும் சுத்தமாகவே இருக்கும்.

என் வாதத்தைச் சோதிக்கும் கடினமான சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2002இல் சோஹம் என்ற சிற்றூரில் பள்ளிப் பராமரிப்பாளர் ஒருவர் இரண்டு சிறுமிகளைக் கொன்றார். வேறொரு மாவட்டத்தில் அவர் மீது முன்பே பல புகார்கள் இருந்தன. எதிலும் தண்டனை இல்லை. ஆகவே பள்ளிக்கு எதுவும் தெரியவில்லை. தண்டனையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில் இது: குழந்தைகள், முதியோர், மனநோயாளிகள் ஆகியோரைக் கவனிக்கும் பணிகளுக்கு மட்டும், திரும்பத் திரும்ப வந்த ஒரே வகைப் புகார்களை ஆராய ஒரு தனி அமைப்பு இருக்கலாம். அது சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதி முடிவெடுக்க வேண்டும். அலுவலகக் குமாஸ்தா ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்றிருப்பதைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுவதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

சோஹமுக்குப் பின் இங்கிலாந்து மறு எல்லைக்கு ஓடியது. 2009இல் பள்ளிகளுக்குப் போய்க் கதை வாசிக்கும் எழுத்தாளர்களும் 64 பவுண்டு கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்தபோது, பிலிப் புல்மன் உள்ளிட்ட சிறார் எழுத்தாளர்கள் இது அவமானம் என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவே மறுத்தார்கள். அரசு பின்வாங்கியது, 2010இல் அத்திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது. நம் இலக்கிய நண்பர்கள் இக்கதையை மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எனக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. புகழ்பெற்ற எழுத்தாளரின் மனம் புண்பட்டால் நாளிதழ்கள் எழுதும், அரசு இறங்கிவரும். இரவுக் காவலாளி புண்பட்டால் எந்த நாளிதழ் எழுதும்? இந்த முறை தவறு என்றால், அது அவமானப்படுத்துகிறது என்பதற்காக மட்டும் தவறாகாது. சோறு போடும் வேலையை அது பறிக்கிறது என்பதற்காகவே தவறு.

*

ஒருவரை அறியாமலே அவரை முடிவுகட்டும் இந்தக் கலை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூலை விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து என்று தொடங்கிக் கள்வர் துணைகொள்ளும் எட்டையும் அடுக்குகிறான். அவன் சொன்ன எட்டும் கள்வர் என்ற வகையைப் பற்றியவை. கோவலன் என்ற மனிதனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் காவலரின் தயக்கம் வலுவிழந்துபோகிறது. பெரும் பட்டியலின் முன் கண்ணெதிரே நிற்கும் மனிதன் தோற்றுப்போகும் இடம் அது. மன்னன் விசாரிக்கவில்லை என்பதை மட்டுமே பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பின்பு பொற்கொல்லன் நடத்திய இந்தச் ‘சரிபார்ப்பை’ நாம் வகுப்பறைகளில் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

அந்தப் பட்டியலைச் சட்டமாகவே ஆக்கியது ஆங்கில அரசு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றப் பின்னணி. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டார்கள். 16 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும். ஆனால் 1948இலேயே ‘வழக்கமான குற்றவாளிகள்’ பற்றிய சட்டம் இங்கே வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போயிற்று, பதிவேடு நின்றது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் சாதிவாரி வேலைப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காணும் பார்வை இன்னும் அந்தக் கையேடுகளில் உயிரோடிருப்பதைக் கண்டித்தது. சட்டம் நீங்கி 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நிலை. எந்தத் தெருவில் காவல் வண்டி அடிக்கடி நிற்குமோ அந்தத் தெருவில்தான் அதிகப் பெயர்கள் எழுதப்படும். எழுதப்பட்டவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டால் அது நடுநிலையான தகவல் ஆகிவிடுமா?

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது இன்னும் யாராலும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர்கள். அவர்களில் பலர் ஒருநாள் விடுதலையாகி வெளியே வந்து வேலை கேட்பார்கள்.

மறுபக்கம் பாருங்கள். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடுகிறவர் தன் மீதுள்ள வழக்குகளைத் தெரிவித்தால் போதும். கொலை வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தாலும் போட்டியிடலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை கிடைத்தால்தான் தடுக்கிறது. அதுவும் விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்தால் தடை தீர்ந்துவிடும். குற்றச்சாட்டு வனையப்பட்டதை வைத்தே தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. தீர்மானிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவர் என்ற கோட்பாடு அங்கே காப்பாற்றப்படுகிறது. காவல் துறைக்கு அமைச்சராக வரப்போகிறவருக்குப் பொருந்தும் அந்தக் கோட்பாடு, அத்துறையில் இரண்டாம் நிலைக் காவலராக வரப்போகிறவருக்கு ஏன் பொருந்தவில்லை? தண்டனை பெற்ற அரசியல்வாதிக்கு ஆறு ஆண்டில் தீர்கிற கறை, விடுதலை பெற்ற ஓட்டுநருக்கு ஏன் ஆயுள் முழுவதும் தீரவில்லை?

*

2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தில்லிக் காவல்துறை வழக்கில் தீர்ப்பளித்தது. இருபது வயதளவில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, சமரசமாகி விடுதலையான ஒருவர், பின்னர் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை; பணி மறுக்கப்பட்டது. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளமையில் நேர்ந்த சிறு பிழைகளுக்காக ஒருவரை வாழ்நாள் முழுவதும் குற்றவாளி என்று முத்திரை குத்தக் கூடாது என்று சொன்ன அத்தீர்ப்பு, அதற்குத் துணையாக அழைத்தது ஒரு நாவலின் கதாபாத்திரத்தை. விக்டர் யூகோவின் ழான் வல்ழான்.

நமக்கு அவன் அந்நியனல்லன். சுத்தானந்த பாரதியார் அந்நாவலை ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் அதே பெயரில் திரைப்படமாக வந்தபோது நாகையா கந்தனாக நடித்தார். விடாமல் துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் அழுதார்கள். எதற்காக அழுதார்கள்? ரொட்டி திருடியதற்காக அவனுக்குத் தண்டனை கிடைத்தது என்பதற்காக மட்டுமல்ல. நாவலில், தண்டனை முடிந்து வருகிறவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. போகும் ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். காசு கையில் இருந்தும் விடுதியில் இடமில்லை. தண்டனை முடிந்த பிறகும் முடியாத தண்டனை அந்தச் சீட்டு. வல்ழான் நல்லவனாக வாழ முடிந்தது, அதை விட்டெறிந்து வேறு பெயரில் புகுந்த பிறகுதான். இன்றைய மொழியில் சொன்னால், தகவலை மறைத்த பிறகு.

அந்த நாவலை நேசிப்பதாகச் சொல்லும் நண்பர்களே, தங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், காவலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் போலீஸ் சான்று கட்டாயம் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சான்று வாங்கித் தர எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டதில்லை. மூடிய கதவுக்குள் தனியாக நுழைகிறவள் அவள்தான் என்றபோதும்.

வெறுமனே எதிர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கேட்பது சில எளிய மாற்றங்கள். படிவத்தில் வழக்கைப் பற்றிக் கேட்காமல் தண்டனையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். அந்தத் தண்டனைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் மட்டுமே அது கணக்கில் வர வேண்டும். காசு கையாடியவனைக் காசாளராக வைக்க வேண்டாம். அவன் மரம் நட்டால் யாருக்கு என்ன இழப்பு? குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த சிறு தண்டனை கழிந்ததாகவே கொள்ளப்பட வேண்டும். இங்கிலாந்து 1974லேயே இதற்குச் சட்டம் செய்தது. நம் நாட்டிலும் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறார்கள் மீதான தீர்ப்பு அவர்களுடைய பிற்கால வாழ்வில் தகுதிக்குறைவாக நிற்கக் கூடாது என்பதைப் பெருமளவு ஏற்றிருக்கிறது. பதினேழு வயதில் ஏற்ற நியாயத்தைப் பத்தொன்பது வயதில் மறுப்பதற்குக் காரணம் சொல்லுங்கள். மறுக்கப்பட்டவருக்கு மறுப்பின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். பதில் சொல்ல வாய்ப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதலை என்றால் விடுதலை. அதற்கு முன்னால் அடைமொழி சேர்க்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இருக்கக் கூடாது.

பாதுகாப்பு வேண்டாமா என்று மீண்டும் கேட்பார்கள். வேண்டும். ஆனால் உழைப்பு கேட்கும் பாதுகாப்பு வேறு. தாள் கொடுத்து வாங்கும் நிம்மதி வேறு. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிப்பது, புதியவரைச் சில மாதம் மேற்பார்வையில் வைப்பது, குழந்தையோ முதியவரோ சொல்லும் புகாரைக் காதுகொடுத்துக் கேட்பது ஆகியவற்றுக்கு நேரமும் மனமும் வேண்டும். அவற்றைச் செய்யாத நிர்வாகம், நாளை ஏதேனும் நடந்தால் தன்னைக் காத்துக்கொள்ளவே அந்தச் சான்றைக் கோப்பில் வைத்திருக்கிறது. அந்தக் கோப்பின் கனத்தைத் தாங்குகிறவர்கள், என்றோ ஒருநாள் ‘மற்றும் பலர்’ என்ற இரு சொற்களுக்குள் அகப்பட்டுக்கொண்ட இளைஞர்கள்.